நூற்றுப்பதினெட்டாம் பக்கத்தில் ஒட்டிய துண்டு

போன மாதம் தர்சினி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்றபோது விட்டு வந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். பல்கலைக்கழக இசைத்துறையில் எங்கள் காலத்து ஒலிப்பதிவுகளையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் இனி அவற்றைக் கேட்கலாமாம். நல்ல வேலை. நாங்கள் அவற்றை இறுவட்டுகளில் போட்டு, பிஸ்கட் தகரத்துக்குள் அடுக்கி, மழைக்காலத்தில் தகரத்தைச் சாக்கால் சுற்றிக் காப்பாற்றியவர்கள்.

"ரீச்சர், உங்கட ஆய்வேட்டில நூற்றுப்பதினெட்டாம் பக்கத்தில ஒரு துண்டு ஒட்டியிருக்கு. தூக்கிப் பாத்தா கீழ அச்சில ஒண்டு கிடக்கு. மேல கையால வேற எழுதியிருக்கு. பாடினவாவின்ர விபரத்துக்கு எதைப் போடுறது?"

"மேல இருக்கிறதைப் போடும் பிள்ளை."

"அதுக்கு ஆதாரம் என்னெண்டு ஒரு கட்டம் இருக்கு ரீச்சர். அதை நிரப்பாட்டி கணினி உள்ள எடுக்காது."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் உத்தியோக வாழ்க்கையின் பெரிய பிழையே ஒரு கட்டத்தை நிரப்பப் போய் நடந்ததுதான். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஒரு வரியில் எழுதலாமென்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், அது ஒரு வரிக்குள் அடங்குகிற விஷயம் இல்லை. தர்சினி பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவள். கிளிநொச்சியிலும் பிறகு இடம்பெயர்ந்த இடங்களில் மரத்தடி வகுப்புகளிலுமாக இருபத்தைந்து வருடம் ஸரிகம சொல்லிக் கொடுத்தேன். போரில் என் தம்பியைப் பறிகொடுத்தேன். அவனை என் கண்ணெதிரே புதைத்தோம். எல்லாம் முடிந்து உருத்திரபுரத்தில் பழைய வளவுக்குத் திரும்பி, கூரை போட்டு, கிணறு இறைத்து நிமிர்ந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த வயதில்தான் இனக்குழு இசையியலில் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். ஒரு சனம் எதைப் பாடுகிறது, எப்போது பாடுகிறது, எதைப் பாட மறுக்கிறது என்று தேடிப் படிக்கிற படிப்பு அது. "இவ்வளவு காலமும் பிள்ளையளுக்குப் பரீட்சை வச்சதுக்கு இப்ப உமக்குப் பரீட்சை," என்று என் கணவர் நக்கலடித்தார். ஆனாலும் அதிகாலை பஸ்ஸுக்கு அவர்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார்.

படிப்பில் முதல் வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாசித்தோம், குறிப்பெடுத்தோம், பஸ்ஸில் தூங்கினோம். மறக்க முடியாதது எங்கள் பேராசிரியரைத்தான். சின்ன உருவம். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். அவர் பேசுவதைக் கேட்க நாங்கள் முன்னுக்குச் சரிந்து உட்கார வேண்டும், அவ்வளவு மெதுவான குரல். பேனையைத் தொடவே மாட்டார், எல்லாம் பென்சில்தான்.

முதல் பயிற்சிக்கு நான் எங்கள் ஊரில் ஒரு வயல் பாட்டைப் பதிந்து கொண்டு போனேன். ஸ்வரப்படுத்தி, இன்ன ராகத்தின் சாயல் என்றும் எழுதி, கோடு கீறி அழகாகக் கொடுத்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் தாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்.

"இதில நாய் எத்தினை தரம் குரைச்சது?"

"நாயோ சேர்? நான் பாட்டைத்தானே..."

"நாயைக் கேக்காத காது பாட்டையும் கேட்டிராது. இன்னொருக்காக் கேளுங்கோ. பாட்டைத் தவிர மிச்சம் எல்லாத்தையும் எழுதிக் கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு பாட்டைப் பாப்பம்."

என் மூக்கு உடைந்தது. நாய் நாலு தரம் குரைத்திருந்தது. தண்ணீர் இறைக்கும் இயந்திரம் இரண்டாம் அடியில் நின்றிருந்தது. இயந்திரம் நின்ற பிறகுதான் பாடியவர் குரலை இறக்கியிருந்தார். நான் ராகத்தின் நயம் என்று எழுதியது அதைத்தான்.

அவர் வைத்திருந்த இன்னொரு முறையும் உண்டு. நாங்கள் எழுதும் ஒவ்வொரு வசனத்தின் ஓரத்திலும் 'கே' அல்லது 'நி' என்று பென்சிலால் குறிக்க வேண்டும். ஆள் சொல்ல நம் காதால் கேட்டது என்றால் 'கே'. நாமாக நினைத்தது என்றால் 'நி'. நினைப்பது குற்றமில்லை என்பார், நினைத்ததைக் கேட்டது என்று எழுதுவதுதான் குற்றம் என்பார். என்னுடைய முதல் அத்தியாயம் திரும்பி வந்தபோது ஓரம் முழுக்க 'நி' எறும்பு ஊர்ந்தது போல இருந்தது.

ஆய்வுக்கு நான் எடுத்தது ஒப்பாரி. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் ஒப்பாரி. அந்தப் பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தவர்கள். ஒரு மாணவியின் தகப்பன் இறந்த வீட்டுக்குப் போனபோதுதான் அந்தப் பெண்களின் ஒப்பாரியை முதன்முதலாகக் கேட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்து மெட்டு இல்லை அது. சங்கீத ரீச்சர் இப்போது ஒப்பாரி படிக்கப் போகிறா என்று ஊரில் சிரித்தார்கள். சிலர் அதைச் சிரிக்காமலும் சொன்னார்கள். தோட்டத்துச் சனத்தின் பாட்டுக்கு ஏன் இந்த அலைச்சல் என்பது அவர்கள் கேட்காமல் கேட்டது.

பேராசிரியர் தலைப்பை ஒத்துக்கொண்டு இரண்டு கட்டளை போட்டார். "சாவீட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியோட போகாதீங்கோ. போனா ஆளாப் போங்கோ. மற்றது, போற இடத்தில நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. நாங்கள் கேக்கப் போற ஆக்கள். பாடப் போறேல்லை."

அப்படித்தான் மாரியாயி அக்காவிடம் போய்ச் சேர்ந்தேன். முரசுமோட்டைக்கு அப்பால், வாய்க்கால் கரையோரக் குடியிருப்பில் வீடு. எந்தச் சாவீட்டிலும் முதல் குரல் அவருடையது என்று எல்லோரும் சொன்னார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. நான் போனபோது வயலில் புல்லுப் பிடுங்கிவிட்டு, சேற்றுக் காலோடு வரப்பில் ஏறி வந்தார்.

"எதுக்கு வந்திருக்கீங்க டீச்சர்?"

"படிக்க வந்தனான்."

"இந்த வயசுலயா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

சின்ன வயதில் தோட்டத்தை விட்டு வந்தவர். இத்தனை வருடம் வன்னியில் இருந்தும் பேச்சில் தோட்டம் போகவில்லை. மகள் சாந்தியோ இங்கேயே பிறந்தவள், எங்களைப் போல "ஓம் ரீச்சர், இருங்கோ" என்பாள். ஒரே குசினிக்குள், ஒரே அடுப்பைச் சுற்றி இரண்டு தமிழ் கேட்கும்.

முதல் நாள் குடும்ப விபரப் படிவத்தை நிரப்பினேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். "மூணு," என்றார். மூத்தவன் ரவி நெளுக்குளத்தில் மேசன் வேலை. சாந்தி தாயோடு இருக்கிறாள். மூன்றாவது ஆள் எங்கே என்று நான் கேட்கவில்லை. சுவரில் பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பையனின் படம் தொங்கியது. வன்னியில் ஒரு வீட்டுக்குப் போய், சுவரில் படத்தையும் கண்டுவிட்டு, ஆள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. என் தம்பியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கும் பிடிக்காது. கேட்காமல் விடுவதுதான் எங்களுக்குள் மரியாதை. படிவத்தில் "பிள்ளைகள் மூவர், ஒருவர் போரில் இறந்துவிட்டார்" என்று எழுதினேன்.

அந்தப் படத்துக்கு மாலை போட்டிருக்கவில்லை. முன்னால் விளக்கும் இல்லை. என் தம்பியின் படத்துக்கு இரண்டும் உண்டு. இதை நான் அன்றைக்கே கண்டேன். கண்டதை எழுதவில்லை, நாய் குரைத்ததை எழுதாமல் விட்டது போல.

வீட்டுக்குள்ளோ முற்றத்திலோ பாட மாட்டேன் என்று மாரியாயி அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி கேட்கக் கூடாது. கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே வளவுக்கு வெளியே, வாய்க்காலோரம் ஒரு மருத மரத்தடியில் இருந்து பதிந்தோம். பாடி முடிந்ததும் வாய்க்காலில் முகமும் காலும் கழுவித்தான் வீட்டுக்குத் திரும்பலாம். என்னையும் கழுவ வைப்பார். "கேட்டவங்களுக்கும் ஒட்டும் டீச்சர்," என்பார்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. சும்மா ஒரு ஒப்பாரி பாடுங்கள் என்றால் அவருக்குப் பாட வராது. "யாருக்கு?" என்று கேட்பார். தாய்க்கு என்றால் யாருடைய தாய்க்கு, எப்படிச் செத்தாள், என்ன உடுத்தாள் என்று ஆளை முன்னால் வைத்துக்கொண்டுதான் குரலை எடுப்பார். தன் தாய்க்கும் தகப்பனுக்கும் பாடினார், புருஷனுக்குப் பாடினார். அண்ணன் தம்பிக்குப் பாடச் சொல்லிக் கேட்டபோது, "எனக்குக் கூடப்பிறந்தவன் இல்ல. உங்க தம்பிக்குப் பாடட்டா?" என்றார். அவன் பெயரைக் கேட்டு, அவன் சைக்கிளைக் கேட்டு, அவனுக்குப் பிடித்த கறியைக் கேட்டு, அவ்வளவையும் வைத்துப் பாடினார். தம்பி போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. ஐந்து வருடம் கழித்து அந்த மரத்தடியில் ஏங்கி ஏங்கி அழுதேன். அவர் பாட்டை நிறுத்தாமல் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த ஒலிப்பதிவில் என் அழுகையும் இருக்கிறது. பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டு, "அழுகையையும் எழுதுங்கோ," என்று மட்டும் சொன்னார்.

ஆய்வேட்டில் ஒரு அட்டவணை இருந்தது. தாய்க்கு, தகப்பனுக்கு, கணவனுக்கு, சகோதரனுக்கு, பிள்ளைக்கு. நாலு கட்டம் நிரம்பிவிட்டது. பிள்ளைக்கு என்ற கட்டம் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. ஏடு கொடுக்கும் நாள் நெருங்கியது. ஒரு நாள் வாயைத் திறந்து கேட்டேன், "அக்கா, பிள்ளைக்குப் பாடுறது ஒண்டு..." அவர் வாய்க்கால் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு பாடினார். பெயர் சொல்லவில்லை, தங்கமே தங்கமே என்றுதான் வந்தது. பாடி முடித்துக் கால் கழுவிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் நடந்தேன். எப்போதும் அவர் கேட்கும் "யாருக்கு?" என்ற கேள்வியை அன்று நான் கேட்டிருக்க வேண்டும். பதினேழாம் இலக்க ஒலிப்பதிவு அதுதான்.

கடைசிப் பிரதியைப் பேராசிரியர் என் முன்னால் இருந்து பார்த்தார். நூற்றுப்பதினெட்டாம் பக்கத்தில் பென்சில் நின்றது. "பாடகியின் பிள்ளைகள் மூவருள் ஒருவர் போரில் இறந்தவர். பதினேழாம் பாடல் அம்மகனுக்காகத் தாய் பாடியது" என்று நான் எழுதி, ஓரத்தில் 'கே' போட்டிருந்தேன்.

"இது கேட்டதோ?"

"ஓம் சேர்," என்றேன்.

பொய் சொல்கிறேன் என்று நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம் போலத்தான் இருந்தது. என் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் தொங்கியது, அதனால் அந்தப் படமும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று மணி பஸ்ஸும் போய்விடப் போகிறது என்ற அந்தரமும் இருந்தது. அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

பட்டம் கிடைத்தது. கட்டிய ஏட்டில் ஒன்றை மாரியாயி அக்காவுக்கென்று எடுத்துக்கொண்டு போனேன். அட்டையில் பொன்னெழுத்து. அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். வாசிக்கத் தெரியாது, எழுத்தைத் தடவிப் பார்த்தார். "சாந்தி, அம்மாவைப் பற்றி எழுதினதை வாசியும்," என்று நானே பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் உரத்து வாசித்துக்கொண்டு போனவள் நின்றுவிட்டாள்.

"என்னடி?"

"ஒண்டுமில்லையம்மா."

"வாசி."

சாந்தி என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து மெதுவாக வாசித்து முடித்தாள். மாரியாயி அக்கா கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"குமாரு செத்துட்டான்னு உங்ககிட்ட யாரு சொன்னா டீச்சர்?"

நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். அவர் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து ஏட்டின் மேல் கொட்டினார். பதிவுத் துண்டுகள், விசாரணைக்கு வரச்சொன்ன கடிதங்கள், ஓரம் மடங்கிய அதே பையனின் சின்னப் படங்கள். நடுவில் பிறந்தவன். போர் முடிந்த கிழமை, விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யன்னலுக்குள்ளால் கை காட்டினான். அன்றிலிருந்து காணாமற்போன மற்றப் பிள்ளைகளின் தாய்மாரோடு படத்தைப் பிடித்துக்கொண்டு விசாரணை நடக்கும் இடமெல்லாம் போய் நிற்கிறார். இது நான் பதினெட்டு மாதம் போய் வந்த வீடு. இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

"கிராம அலுவலர் மூணு வாட்டி வந்தாரு. இறந்துட்டான்னு ஒரு கையெழுத்து போடு, பத்திரம் தர்றோம், உதவி கெடைக்கும்ன்னாரு. போடல. ரவிகூட போடச் சொன்னான், போடல. நீங்க புத்தகத்துலயே போட்டுட்டீங்க." குரல் அப்போதுதான் உடைந்தது. "அன்னிக்குப் பாடுனது பக்கத்து வீட்டு அஞ்சலையோட புள்ளைக்கு. ஷெல்லுக்குப் பயந்து பதுங்குன பங்கர் குழிக்குள்ளயே செத்துப் போச்சே, அந்தப் புள்ளைக்கு. உசுரோட இருக்கவனுக்கு நான் ஒப்பாரி பாடுவனா டீச்சர்? பெத்தவ பாடுவாளா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எழும்பி வந்துவிட்டேன். வழியில் இரண்டு தரம் சைக்கிளை நிறுத்தி மதகில் இருந்தேன்.

அடுத்த நாள் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கேட்டதோ எண்டு நான் கேட்டனான். நீங்கள் ஓம் எண்டனீங்கள்."

"ஓம் சேர்."

"உங்கட முகத்தில சந்தேகம் கண்டனான். இன்னொருக்காக் கேட்டிருக்க வேணும், விட்டிட்டன்." குற்றத்தில் பாதியை அவர் இப்படித் தன் பக்கம் எடுத்துக்கொண்டது எனக்குத் திட்டு வாங்கியதைவிட வலித்தது.

பிறகு வேலை நடந்தது. கட்டிய ஏட்டில் கை வைக்க நூலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அவரே கடிதம் எழுதி, அவரே கொண்டுபோய்க் கொடுத்து, பதில் வரும்வரை வாசலில் நின்றார். ஐந்து பிரதிக்கு ஐந்து துண்டு வெட்டினார். முதல் தரமாக என் கையில் பேனையைத் தந்தார். "பாடகியின் பிள்ளைகள் மூவர். ஒருவரைத் தாய் தேடிக்கொண்டிருக்கிறார். பதினேழாம் பாடல் அவருக்காகப் பாடப்பட்டதன்று" என்று ஐந்து தரமும் என்னைக் கொண்டே எழுதுவித்தார். முழுக்கப் பசை பூசப் போனேன், தடுத்தார். மேல் விளிம்பில் மட்டும் பூசச் சொன்னார். தூக்கிப் பார்க்கிறவருக்குப் பிழையும் தெரிய வேண்டும், அதை மறைக்க எங்களுக்கு உரிமையில்லை என்றார். தர்சினி, அந்தத் துண்டு ஏன் தூக்கினால் எழும்புகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஐந்தாவது பிரதி முரசுமோட்டையில் இருந்தது. அதை ஒட்ட அவரும் வந்தார். குடையோடு பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலுக்குள் வரப்பால் நடந்து வந்தார். "அம்மா, மன்னிப்புக் கேக்க வந்தனாங்கள்," என்றார். மாரியாயி அக்கா பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏட்டை எடுத்து வந்து, "ஒட்டுங்க," என்றார். நான் ஒட்டினேன். சாந்தி துண்டை வாசித்துக் காட்டினாள். "தேடிக்கொண்டிருக்கிறார்" என்ற சொல்லை மட்டும் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு குடிக்கப் பிளேன்ரீ வந்தது.

புறப்படும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எழுதுறதுதானே டீச்சர் உங்க வேல. எனக்கு ஒண்ணு எழுதுங்க. நான் போறப்ப பாடுறவளுங்க என் புள்ளைங்கள வரிசையா சொல்லுவாளுங்க. குமார முன்ன போனவன்னு சேத்துருவாளுங்க. ஊர்ல எல்லாருக்கும் மனசுல அதான், எனக்குத் தெரியும். சாந்திக்கு அழுகையில வாய் வராது. நீங்க வரணும். நான் சொல்ற மாதிரிதான் பாடணும்னு சொல்லணும்."

மெட்டில்லாமல், கணக்கு ஒப்புவிப்பது போல ஆறு அடி சொன்னார். குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். "வாறன் அக்கா," என்றேன். அதன் பிறகு அவர் எனக்கென்று ஒரு பாட்டும் பாடவில்லை. நானும் கேட்கவில்லை. பொங்கலுக்குப் போவேன், சுகம் விசாரித்துவிட்டு வருவேன்.

காலம் ஓடிற்று. பட்டம் தந்த வேலையாகப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகி, பத்து வருடத்துக்குக் கிட்டப் படிப்பித்தேன். பிள்ளைகளின் ஏடுகளில் 'கே'யும் 'நி'யும் போட வைத்தேன். என்னை வாய்க்குள் திட்டினார்கள் என்பதும் தெரியும். பேராசிரியர் காலமானார். நான் ஓய்வு பெற்றேன். குமார் வரவில்லை.

சென்ற ஆவணியில் ஒரு காலை சாந்தி எடுத்தாள். "அம்மா போயிட்டா ரீச்சர்."  பழைய பெட்டியைக் கிண்டி அந்தக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

பந்தல் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் ரவி நின்றான். பெண்கள் தோளில் தோள் சாய்த்து வட்டமாக இருந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் குரல் இப்போது அஞ்சலையுடையது. நான் வட்டத்துக்கு வெளியே, வழக்கம் போல ஆய்வாளர் நிற்கும் இடத்தில் நின்றேன். மாரியாயி அக்கா பிறந்த தோட்டம் வந்தது, நடந்து வந்த காடு வந்தது, வெட்டிய காணி வந்தது. பிள்ளைகளின் வரிசை வந்தது. கொள்ளி வைக்க நிற்கும் ரவி. பிறகு அஞ்சலை, நல்ல மனதோடுதான், முன்னாலே போய்ப் பாய் விரிச்ச மகன் என்று தொடங்கினாள். சாந்தி சடாரென்று தலையைத் தூக்கினாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னைத் தேடிப் பார்த்தாள்.

புத்தகம் என் கையில் விரித்தபடி இருந்தது. அஞ்சலைக்கு வாசிக்கத் தெரியாது. பாட்டை நிறுத்தச் சொல்லி எடுத்துச் சொல்லலாம். ஆனால் சாவீட்டில் ஒப்பாரியை நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்ல என்னால் முடியவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று பேராசிரியர் சொன்னதும் நினைவிருந்தது. வட்டத்தில் இரண்டு பெண்களை விலக்கி இடையில் உட்கார்ந்தேன். இரு பக்கமும் தோளில் கை போட்டேன். மாரியாயி அக்காவின் மெட்டை நான் நூறு தரம் கேட்டு ஸ்வரப்படுத்தியவள், ஒரு நாளும் வாய்விட்டுப் பாடியதில்லை. என் படித்த குரல் அதற்குப் பொருந்தவும் இல்லை. ஆனாலும் பாடினேன்.

மூணு புள்ள பெத்தவளே, எங்கம்மா
மூணும் ஒனக்கு இருக்குதம்மா
தலமாட்டில் மூத்த மகன்
கால்மாட்டில் கடைசி மக
நடுவுல உள்ள மகன் வழியில வாரான், எங்கம்மா
வாசக் கதவ மூடலியே

பாடி நின்றேன். அஞ்சலை என்னைப் பார்த்தாள். தன் பிள்ளையைப் பங்கருக்குள் விட்டுவிட்டு வந்தவள். நீ யார் எங்கள் செத்த வீட்டில் பாட என்று கேட்டிருந்தாலும் நியாயம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நடுவுல உள்ள மகன் வழியில வாரான்," என்று அந்த அடியைத் தன் குரலில் எடுத்தாள். மற்றப் பெண்களும் எடுத்தார்கள். சாந்திக்கு அப்போதுதான் வாய்விட்டு அழ வந்தது.

உடலைக் கொண்டுபோன பிறகு வாய்க்காலுக்குப் போய் மருத மரத்தடியில் முகமும் காலும் கழுவினேன். குமார் வருவான் என்று நான் நம்பவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும், அது 'நி'. அவன் இல்லை என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை, அதுவும் உண்மை. அன்றைக்கு நான் பதிவு எதுவும் செய்யவில்லை. என் வாழ்க்கையில் நான் பாடிய ஒரே ஒப்பாரி அது, அதற்கு இலக்கமும் இல்லை.

இனி உமது கட்டத்துக்கு வருகிறேன் தர்சினி. பதினேழாம் பாட்டை இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். அது அஞ்சலையின் பிள்ளைக்குரியது, அவளிடம் போய்க் கேட்க வேண்டும். நீர் ஒரு நாள் வாரும், நான் கூட்டிக்கொண்டு போகிறேன். பாடகியின் விபரத்தில் பிள்ளைகள் மூவர் என்று போடும். ஆதாரம் என்ற இடத்தில், தாய் சொல்லக் கேட்டது என்று எழுதும். போன முதல் நாளே "மூணு" என்று எனக்குச் சொன்னவா. என் காதுதான் அதை எடுக்கவில்லை.